தொட்டிக்கு எந்த மீன்

அன்பு மகன் கதிருக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

புதன்கிழமை நீ அனுப்பிய மொட்டைமாடித் தொட்டியின் படத்தை அம்மாவின் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இதில் என்ன மீன் விடலாம் என்று ஒரே வரிதான் எழுதியிருந்தாய். தீபாவளியன்று நான்கு நிமிடம் பேசியதற்குப் பிறகு நீயாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதனால்தான் கைப்பேசியில் பதில் தட்டாமல் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வட்டத் தொட்டி, இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நிறுத்தினால் ஏறத்தாழ 170 லிட்டர் தண்ணீர் நிற்கும். அல்லி வைத்த சட்டியும் மண்ணும் போக 150 என்று வைத்துக்கொள். பார்ப்பதற்குப் பெரிய தொட்டியாகத் தெரியும். மீன் கணக்கில் அது சின்னத் தொட்டிதான். கொளத்தூர்க் கடைகளில் விரல் நீளத்தில் கோய்க் குஞ்சுகளைக் காட்டுவார்கள். அது இரண்டு அடி வரை வளரக்கூடிய சாதி, ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் கேட்கும். தங்கமீனும் வேண்டாம். அது குளிர்ந்த தண்ணீரை விரும்புவது. அது கழிக்கும் கழிவும் அதிகம். சென்னையின் மே மாத வெயிலில் மொட்டைமாடித் தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், அப்போது அதற்கு மூச்சு முட்டலாம். தவிர, தன் வாய்க்குள் நுழைகிற எந்தக் குஞ்சையும் அது விட்டுவைக்காது. தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி சக்கர் மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒரு அடிக்கு மேல் வளர்ந்த பிறகு அதைக் கொண்டுபோய் ஏரியில் விட்டவர்களால்தான் இன்று அது ஏரிகளிலெல்லாம் பெருகிக் கிடக்கிறது. நீ அந்தத் தவற்றைச் செய்யாதே.

பாப்பா நீல நிற ஃபைட்டர் மீன் கேட்கிறாள் என்று தெரியும். வாங்கிக் கொடு, ஆனால் இந்தத் தொட்டியில் விடாதே. இந்தத் தொட்டிக்கு நான் சொல்லப்போவது கப்பி என்ற சின்ன மீன்; அதில் ஆணின் வால் நிறமும் நீளமுமாக இருப்பதால் ஃபைட்டர் அதை இன்னொரு ஃபைட்டர் என்றே எண்ணிக் கொத்தும்; இரண்டு ஃபைட்டர் ஆண்களை ஒன்றாக விட்டால் என்ன ஆகும் என்பதை நீ பெரியகுளம் வீட்டிலேயே பார்த்திருக்கிறாய். தனியாக ஒரு மண்சட்டியில், கொஞ்சம் பாசியோடு வை. அது மேலே வந்து காற்றையே நேராக விழுங்கிச் சுவாசிப்பதால் மோட்டார் தேவைப்படாது. டைகர் பார்பும் வேண்டாம், அது வால் கடிக்கும். கொசுவுக்கென்று சாக்கடையில் விடும் கம்பூசியாவை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அதுவும் கடிக்கும்.

கப்பிதான் உனக்குச் சரி. முதலில் ஆறு கப்பி: இரண்டு ஆண், நான்கு பெண். ஆண்களின் எண்ணிக்கை கூடினால் பெண்களை ஓயாமல் துரத்தி இளைக்க வைத்துவிடும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். தாயே குட்டிகளைத் தின்னும் என்பதால் வேலம்பாசி அடர்த்தியாக இருக்கட்டும், ஒளிந்து பிழைப்பவை பிழைக்கட்டும். கொசுப்புழுவையும் கப்பியே பார்த்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து மூன்று மாலி மீன் சேர்க்கலாம். உங்கள் ஆழ்துளைக் கிணற்றின் கடினமான தண்ணீர் மாலிக்கும் கப்பிக்கும் ஒத்துப்போகும். நம் வாய்க்காலில் தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் நீர்மட்டத்திலேயே நிற்குமே, அந்த மீன் எனக்குப் பிடித்தது என்றாலும் உனக்குச் சொல்லமாட்டேன். கப்பிக் குட்டிகளை ஒன்று விடாமல் தின்றுவிடும், வலை போடாவிட்டால் தொட்டியை விட்டுத் துள்ளியும் விழும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிப் போடாதே. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றிக் கொடுக்கும் நுண்ணுயிர் புதுத் தொட்டியில் படிந்து பெருக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஆறு கப்பி போதும்.

வெயில் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை தொட்டியில் விழுகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அல்லி பூக்க அந்த வெயில் வேண்டும், ஆனாலும் உச்சிப் பொழுதுக்கு ஒரு பச்சை வலையாவது கட்டு. படத்தில் தொட்டியின் நிழல் அதன் காலடியிலேயே விழுந்திருந்தது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை அனுப்பிய படத்திலும் அப்படித்தான். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள் என்று அம்மா சொல்கிறாள், இருக்கலாம். எட்டு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருக்கிறாய் என்று தெருவில் நான் சொல்லிக்கொள்வது உனக்குத் தெரியும். நான் எதையும் கேட்கவில்லை. பத்து மணிக்கு எங்கே வெயில், மூன்று மணிக்கு எங்கே நிழல் என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்ல, அங்கேயே உட்கார்ந்து பார்த்தவனால்தான் முடியும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நீ நான்காம் வகுப்பு படித்த ஆண்டு, கிணற்றடிச் சிமெண்டுத் தொட்டியில் உன் மீன்கள் எல்லாம் ஒரே மாலையில் செத்துப்போனது நினைவிருக்கிறதா? நீ பொரியை அள்ளி அள்ளிப் போட்டதால்தான் செத்தன என்று எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினேன். பிறகு கல்யாண வீடுகளில்கூட அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது உண்மையில்லை. மில்லில் எங்களை நிறுத்தி அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் தூக்குவாளியோடு கிளம்பிப் போய்த் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்திருப்பேன். அந்த நாளில் குளத்தில் தண்ணீர் கிடையாது, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். அம்மாவும் நீயும் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள் என்று ஒருநாள் பதினொரு மணிக்கே திரும்பி வந்துவிட்டேன். சும்மா இருக்க முடியாமல் தொட்டியை முழுவதும் இறைத்து, பாசி போகத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து நிரப்பி, வாளியில் இருந்த மீன்களைத் திருப்பி விட்டேன். தண்ணீரில் அன்று பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. உன் கறுப்பு மாலி மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். நான்தான் செய்தேன் என்று சொன்னால், அந்த நேரத்தில் வீட்டில் என்ன வேலை என்று அம்மா கேட்பாள். அதற்காக ஒன்பது வயதுப் பையன் மேல் பழியைப் போட்டேன். நீ அளவாகத்தான் போட்டாய். அம்மாவுக்கு மில் விஷயம் அடுத்த மாதம் வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. மீன் விஷயம் இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடப் போகிறேன்.

ஆகையால் தண்ணீரை ஒருபோதும் முழுவதும் மாற்றாதே. கால் பங்கு மட்டும் எடு. மெட்ரோ தண்ணீராக இருந்தால் ஒருநாள் வாளியில் திறந்து வைத்திருந்து ஊற்று. தொட்டிச் சுவரில் படியும் பச்சையைச் சுரண்டாதே, அது இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குத் தீனி போடு. காக்கைக்கு வலை கட்டு. முதலில் ஆறு கப்பி மட்டும்.

கடைக்காரர்கள் வலையால் அள்ளி, ஆணும் பெண்ணுமாக வந்ததைப் பையில் போட்டுவிடுவார்கள். நின்று பொறுக்கி வாங்க இரண்டு பேர் வேண்டும். நீ கொளத்தூருக்குப் போகும் நாளைச் சொன்னால் முதல் நாள் வைகை எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடுகிறேன். வார நாளாக இருந்தாலும் எனக்குச் சரிதான்.

இப்படிக்கு,
அப்பா