ராத்திரி மூணு மணி சுகர்

டேய் மாப்ள,

மோல்மேன்ல எல்லாரும் சௌக்கியமா? இங்க ரங்கூன்ல வெயில் மண்டைய பொளக்குது, கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு கணக்கே இல்ல. போன தடவ பேசுனப்ப, இன்சுலின் ஆரம்பிச்சதுலேருந்து ராத்திரி சுகர் லோ ஆயிடுமோன்னு பயந்து ரெண்டு வாழப்பழமும் கண்டென்ஸ்டு மில்க் ஊத்துன டீயும் உள்ள தள்ளிட்டுதான் படுக்குறேன்னு சொன்னியே, அதுலேருந்து எழுதணும் எழுதணும்னே இருந்தேன்.

எனக்கு நடந்தத கேளு. பீலிக்கான் தீமிதிக்கு போயிருந்தோம்ல, அன்னைக்கு அன்னதானத்துக்கு தண்ணி தூக்கி, அரிசி மூட்டை இறக்கி, வெயில்ல அலைஞ்சு, வீட்டுக்கு வந்து அசதில அரை வயித்துக்கு சாப்பிட்டுட்டு, ஊசிய மட்டும் வழக்கமான அளவு போட்டுட்டு படுத்துட்டேன். நடுராத்திரி ஏதோ கெட்ட கனவு, முழிச்சா பனியன பிழியலாம், அவ்ளோ வேர்வை. கரண்டும் இல்ல. வீட்டுக்காரி போன் லைட்ட அடிச்சு என்னங்கன்னு கேக்குறா, நான் லைட்ட அணைடின்னு கத்துறேன். அதுலதான் அவளுக்கு சந்தேகமே வந்துச்சாம், 30 வருஷத்துல நான் அவள டி போட்டு பேசுனதே இல்லல்ல (சிரிக்காத). சுகர் பாக்குற ஸ்ட்ரிப் டப்பா மூடிய தொறக்க எனக்கு வெரல் வரல, அவதான் குத்தி பாத்தா, 48.

மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கரைச்சு குடுத்தா, 15 நிமிஷம் கழிச்சு 66, திரும்ப ஒரு டம்ளர், அப்புறம் 92, அதுக்கு மேலதான் ரெண்டு பிஸ்கட். அந்த 15 நிமிஷம் காத்திருக்குறது இருக்கே, அடுப்படியையே அள்ளித் திங்கணும் போல இருக்கும், தின்னுட்டா காலைல 300ல நிக்கும். 70க்கு கீழ வந்தாலே சீனித்தண்ணி குடிச்சிரு. சாக்லேட், கண்டென்ஸ்டு மில்க்கெல்லாம் கொழுப்பு இருக்கறதால மெதுவாத்தான் ஏறும்.

டாக்டர் சொன்னாரு, பகல்ல உடம்ப போட்டு வருத்துனா தசை ராத்திரி வரைக்கும் ரத்தத்துலேருந்து சர்க்கரைய இழுத்துக்கிட்டே இருக்குமாம். நான் போடுறது கலங்கலா இருக்குமே அந்த என்பிஹெச் இன்சுலின், ராச்சாப்பாட்டுக்கு முன்ன போட்டா சரியா நடுராத்திரிதான் உச்சத்துக்கு வருமாம், இப்ப படுக்குறப்ப போடச் சொல்லி அளவையும் கொறைச்சிட்டாரு.

உன் விஷயத்துக்கு வரேன். பயத்துல தெனமும் தின்னு தின்னு 250ல தூங்குனா கண்ணும் கிட்னியும் சும்மா இருக்குமாடா? ஒரு வாரம் மூணு மணிக்கு அலாரம் வச்சு குத்திப் பாரு, நோட்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டு, டோஸ அவரு மாத்தட்டும், நீயா கை வைக்காத. தங்கச்சிகிட்டயும் சொல்லி வை, நீ நெனவில்லாம கெடந்தா வாயில எதையும் ஊத்தக்கூடாது, ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கணும்.

சீனி டப்பா இப்ப எங்க கட்டில் பக்கத்துலயே இருக்கு. எறும்பு மெத்தைக்கே வந்துருச்சுன்னு தெனமும் திட்டு, ஆனா அத தண்ணித் தட்டுக்குள்ள எடுத்து வைக்கிறதும் அவதான்.

மழைக்கு முன்ன ஒரு நட வந்துட்டுப் போடா.