என் கணவரின் நாக்கைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் வந்த இதயநோய்க் கட்டுரையில் ஒரு வரி: "ஸ்டென்ட் வைத்த சர்க்கரை நோயாளிக்கு மறுபடி அடைப்பு வந்தால், அவர் நாக்கைக் கட்டவில்லை என்றுதான் அர்த்தம்." என் கணவர் அதை வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். பகல் முழுக்கப் பேசவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேனோ?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாக உங்கள் பேப்பர் வாங்குகிறோம். நான் எழுதும் முதல் கடிதம் இது.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பத்தொன்பது வருஷமாகச் சர்க்கரை. 2022 ஐப்பசியில் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இதயத்தின் இரண்டு ரத்தக்குழாய்களில் அடைப்பு என்று இரண்டு ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை, வைத்தார்கள். மருந்து பூசியதுதான். அதற்கப்புறம் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு நான் சாட்சி. தினமும் விடியுமுன் கன்னடியன் கால்வாய்க் கரையில் முக்கால் மணி நேரம் நடப்பார். என் அண்ணன் மகள் கல்யாணத்தில், மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுப் பந்தியில், ஒரு கரண்டிச் சோறும் மோருமாக எழுந்து வந்தார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரு நாள் தவறியதில்லை, மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1-லிருந்து 6.8-க்கு வந்தது. எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன்.

ஸ்டென்ட் வைத்த ஏழாவது மாதம் கால்வாய்க் கரையில் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. நெஞ்சுவலி கிடையாது. சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிடுவதால் பலருக்கு வலியே தெரியாது என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் கட்டுரையில் அது இல்லை. ஆஞ்சியோ பார்த்தால் ஒரு ஸ்டென்ட்டுக்குள்ளேயே எண்பது சதவீதம் சுருங்கியிருந்தது.

அங்கே இருந்த இளவயது டாக்டர் ஒரு சீட்டில் படம் போட்டுக் காட்டினார். பலூனை ஊதிக் கம்பிவலையைப் பதிக்கும்போது ரத்தக்குழாயின் உள்சுவரில் காயம் படுகிறது. காயம் ஆறும்போது சதை வளர்கிறது. சிலருக்கு அது அளவு மீறி வளர்ந்து வலைக்குள்ளேயே வழியை அடைக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இந்த வளர்ச்சி அதிகம், குழாய்களும் மெலிசு, அடைப்பும் நீளம். மருந்து பூசாத ஸ்டென்ட் மட்டும் இருந்த காலத்தில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு இப்படி ஆனதாம். மருந்து பூசியது வந்தபின் வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல்தான். கடைசியில், "ஐயா மேல தப்பு இல்லம்மா" என்றார். எத்தனையோ நாளைக்கப்புறம் அன்று ராத்திரிதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அந்த நிம்மதியைத்தான் உங்கள் கட்டுரை பிடுங்கிக்கொண்டது.

பார்க்க வந்த சொந்தக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. "அல்வாவை விட்டிருக்க மாட்டாக" என்று எங்கள் மைனி அவர் முகத்துக்கு நேரே சொன்னார். மைனி படிக்காதவர், நான் பொறுத்துக்கொண்டேன். பேப்பரும் அதையே சொன்னால் யாரிடம் போவது?

நாக்கைக் கட்ட வேண்டாம், பீடி குடிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து உயிரே போகலாம். அது வேறு, சதை வளர்ந்து மெல்ல அடைப்பது வேறு. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். தங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சர்க்கரையோடு ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு இருந்த 1,900 பேரை வைத்து நடந்த ஃப்ரீடம் என்ற ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஐந்து வருஷத்தில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து, ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம். நர்ஸாக இருக்கும் என் மகள்தான் இதை எனக்கு வாசித்துச் சொன்னாள், எல்லாம் முடிந்த பிறகு. ஸ்டென்ட் வைக்கக் கையெழுத்து வாங்கிய அந்த ராத்திரி, பைபாஸ் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இங்கிலீஷில் நாலு பக்கம் நீட்டினார்கள், நான் போட்டேன். அவருக்கு எது நல்லது என்று முடிவு சொல்ல எனக்குப் படிப்பில்லை. கேட்டிருக்கவாவது செய்வேன்.

2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று மத்திய அரசு வரம்பு கட்டியதைப் பெரிதாகப் போட்டீர்கள். எங்கள் பில்லிலும் ஸ்டென்ட் விலை வரம்புக்குள்தான் இருந்தது, அதற்குக் கீழே எழுதியிருந்த மற்றச் செலவுகள்தான் நீண்டுகொண்டே போயின. அதைப் பற்றி ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்களா? அதே ஞாயிறு மலரின் கடைசிப் பக்கத்தில் "அடைப்பைக் கரைக்கும் சூரணம்" விளம்பரம் வருகிறது. எங்கள் தெருவில் ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினார். அவர் காரியத்துக்குப் போய்விட்டு வந்தோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரி தவறு என்று அதே மலரில், அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, சர்க்கரைக்காரருக்கு வலி இல்லாமல் மூச்சு வாங்கினாலும் வேர்த்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இரண்டு வரி. இடம் இல்லையென்றால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள், திருத்தம் போதும். அதை அவர் கண்ணில் படுகிற மாதிரி நான் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேரன்மகாதேவி.