நன்றி சொன்ன பக்கத்தைத் தேடி வந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரலாற்றாய்வாளர்கள் சர்ச்சையான பழைய சம்பவங்களைத் தயங்காமல் எழுத முடிகிறதா என்று சென்ற இதழ்க் கட்டுரை கேட்டிருந்தது. சட்டம், தடை, தீர்ப்பு என்றே அது முழுக்கப் போய்விட்டதில் எனக்கு ஒரு மனக்குறை.

புனேயில் நடந்ததைப் பாருங்கள். சத்ரபதி சிவாஜி பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் லெய்ன் எழுதிய நூலில், சிவாஜியின் பிறப்பைக் குறித்து ஊரில் புழங்கும் கேலிப்பேச்சு ஒன்று போகிற போக்கில் வந்திருந்தது. ஆதாரம் இல்லாத அந்தப் பேச்சை அவர் சேர்த்திருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். எதிர்ப்பு வந்ததும் 2003 நவம்பரிலேயே பதிப்பகம் நூலை இந்தியாவில் திரும்பப் பெற்றுக்கொண்டது. சரி, அத்தோடு விட்டார்களா? நூலில் லெய்ன் நன்றி சொல்லியிருந்த சமஸ்கிருத அறிஞர் ஸ்ரீகாந்த் பகுல்கரின் முகத்தில் டிசம்பரில் கரி பூசினார்கள். 2004 ஜனவரி 5 அன்று நூறு பேருக்கு மேல், லெய்னுக்கு ஆய்வில் உதவியது என்று சொல்லி, பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துக்குள் புகுந்து அலமாரிகளைச் சாய்த்தார்கள், நூல்களையும் சுவடிகளையும் தரையில் எறிந்தார்கள். ஊர் ஊராகச் சுவடி திரட்டி, 1919 முதல் 1966 வரை மகாபாரதத்துக்கு ஆய்வுப் பதிப்பு உருவாக்கிய இடம் அது.

நான் தஞ்சாவூர்க்காரன். எங்கள் பெரிய கோயில் மதிலில் போன்சலே வம்ச சரித்திரத்தை 1803இல் மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஆகவே சிவாஜி குலத்துக் கதை எங்களுக்கும் அந்நியமில்லை. பழைய சுவடிக் கட்டைப் பிரிக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். அப்படியும் ஓலையின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டும். புனே செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகாராஷ்டிர அரசு விதித்த தடையை மும்பை உயர் நீதிமன்றம் 2007இல் நீக்கியது, உச்ச நீதிமன்றம் 2010இல் அதை உறுதி செய்தது. நூல் வழக்கில் ஜெயித்தது. சுவடி எடுத்துக் கொடுத்தவருக்கும், சந்தேகம் தீர்த்து வைத்தவருக்கும் அந்தத் தீர்ப்பு எந்தக் காவலும் கொடுக்கவில்லை. புத்தகத்துக்கு எதிராகக் கூட்டம் சேரும் முதல் நாளே நூலக வாசலில் போலீஸ் நிற்க வேண்டும். எழுத்தாளர் தப்பு செய்திருந்தால் அதை இன்னொரு ஆய்வாளர் எழுதிக் காட்டட்டும்.

போன வருடம் ஓர் ஆய்வு மாணவிக்கு, இங்கே மராத்தியர் காலத்தில் ஆட்களை அடிமைகளாக விற்ற ஆவணங்களைப் படித்துச் சொன்னேன். விற்றவர்களின் குடும்பப் பெயர்கள் சில இன்றும் ஊரில் இருக்கின்றன. ஆய்வேட்டை முடித்ததும் போன் செய்தாள். "ஐயா, நன்றியுரையில உங்க பேரைப் போட்டா உங்களுக்குத் தொந்தரவு ஏதும் வருமா?" என்றாள். "தாராளமாப் போடும்மா" என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அவள் கேட்டதே காதில் இருந்தது. புனேயில் அது நடந்தபோது அவள் சின்னக் குழந்தை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.