லாயச் சுவருக்குச் சீமெந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவைத் திருத்துகிறவர்கள் முன்வீட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். பின்வளவில் குதிரை லாயம் மிஞ்சியிருந்தால், அதற்குச் சீமெந்தைப் பூசிச் சாமான் அறையாக்கிவிடுவார்கள். அடுத்த கோடையிலேயே பூச்சுப் பாளம் பாளமாக விழும். பழி மேசன் தலையில்.

லாயச் சுவர் மற்றச் சுவரைப் போன்றதல்ல. குதிரை மூத்திரமும் லத்தியும் வருடக்கணக்காக ஊறி, அடிப்பக்கம் முழுக்க வெடியுப்பு ஏறியிருக்கும். மாரியில் கரையும் உப்பு, கோடையில் சுவர் காயும்போது வெளிமுகத்தில் வந்து உறைந்து செங்கல்லின் தோலை உரிக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அடைத்துவிடுவதால் ஈரம் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அங்கே விரலால் சுரண்டினால் செங்கல் மாவாக உதிரும்.

சீமெந்தைச் சிற்றுளியால் மெல்லக் கொத்தி எடுக்கவேண்டும். உப்பைக் காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, வாளியில் அள்ளி வளவுக்கு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் அத்தனையும் திரும்பச் சுவருக்குள் போய்விடும். கலவை, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்குக்கு ஆற்றுமணல் 3 பங்கு. கடல்மணல் கூடவே கூடாது. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் அப்பாமல், ஒரு கிழமை ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் தொடங்கினால் பூச்சு இறுகுமுன் காய்ந்து வெடிக்கும். மாசி, பங்குனி நல்லது. இந்த முதற்பூச்சும் உப்பை உறிஞ்சி உதிரத்தான் போகிறது. அதன் வேலையே அதுதான். உதிர்ந்ததைத் தட்டிவிட்டு மறுபடி பூசுங்கள்.

மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801–1804இல் கட்டிய மாளிகையை, ஊரார் சொல்லும் அல்லிராணி கோட்டையை, கடல் அரிக்கிறது. அதைத் தடுப்பது பெரிய வேலை. லாயத்துக்குச் சுண்ணாம்பும் மணலும் சாக்கும் போதும்.

தரையையும் கவனியுங்கள். ஒரு குதிரை கட்டும் தடுப்பு சுமார் 6 அடி அகலம். அவிழ்த்துவிடும் அறை 12 அடிக்கு 12. குத்துக்கல்லாகப் பதித்த தரை, 10 அடிக்கு 2 அங்குலம் அளவில் கானை நோக்கிச் சரிந்திருக்கும். அதன்மேல் கொங்கிறீற்று ஊற்றினால் கான் மூடுண்டு, மழைத்தண்ணீர் சுவரடிக்கே போகும். கூரைக்குக் கீழுள்ள காற்றுத் துவாரங்களை வௌவாலுக்குப் பயந்து கல் வைத்து அடைப்பதும் அப்படித்தான். கம்பிவலை அடித்தால் வௌவாலும் வராது, சுவரும் காயும்.

பழங்கட்டடத் திருத்த வேலை செய்வோர்,
வவுனியா.