ஆல்பனியிலிருந்து அண்ணனுக்கு

ஆல்பனி,
நியூயார்க் மாநிலம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஏழு வாரமாகிறது. வாசித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை. அம்மாவிடம் ஞாயிறுதோறும் போனில் பேசினாலும், அப்பாவின் சொத்தில் என் பங்கை விட்டுக் கையெழுத்துப் போடச் சொன்ன பத்திர விஷயத்தைப் போனில் பேச எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் நினைவு ஜெபத்துக்கு வராததற்கு என்ன காரணம் சொன்னாலும் போதாது. அந்த மாதம் வகுப்புகள் நெருக்கமாக இருந்தன என்று மட்டும் எழுதுகிறேன். மைனி கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து உடையாமல் வந்து சேர்ந்தது.

வக்கீலாகிவிட்டவளுக்கு இன்னும் என்ன வகுப்பு என்று கேட்டிருந்தீர்கள். பத்மநாபபுரம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்ட பிறகு என்னை யாரும் பாடம் படிக்கச் சொன்னதில்லை. சீனியரின் பின்னால் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் படிப்பு. இங்கே அப்படி விடுவதில்லை. புதிதாகப் பதிவு செய்த வக்கீல் முதல் இரண்டு ஆண்டுகளில் 32 கிரெடிட் தொடர் சட்டக் கல்வி முடித்தாக வேண்டும். ஆண்டுக்கு 16, அதில் 3 தொழில்நெறிக்கு, 6 தொழில் திறனுக்கு. 50 நிமிடம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். அதன் பிறகும் தொழில் செய்யும் காலமெல்லாம் இரண்டாண்டுக்கு 24. சான்றிதழ்களை நான்கு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால், அப்பா ரப்பர் ஷீட் கணக்குச் சீட்டுகளைப் போட்டு வைத்தது போலவே, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன்.

கணினியில் கேட்கும் பாடங்களில் நடுவே சட்டென்று ஒரு குறியீட்டைச் சொல்வார்கள். அதை எழுதிக் கொடுத்தால்தான் கேட்டதாகக் கணக்கு. அடுப்பில் கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்க எழுந்துபோன இரண்டு நிமிடத்தில் ஒருமுறை அந்தக் குறியீடு போயிற்று. அன்றைய வகுப்பும் வீணாயிற்று. கிழங்காவது உருப்படியாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. கோஸ்டாரிகாவிலிருந்து தோலில் மெழுகு பூசி வரும் மரச்சீனி அது. உள்ளே பாதி நாராக இருந்தது. தொட்டுக்கொள்ள டின்னில் அடைத்த சாளை மீன். வகுப்புக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வசதி குறைந்த வக்கீல்களுக்குச் சலுகை தர வகுப்பு நடத்துபவர்கள் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தோழி ஒருத்திக்காக அந்த விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அத்தான் மூன்று மாதமாக டெக்சாஸில் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நலமாக இருக்கிறார்.

மாடி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவருடைய முன்னாள் மனைவி காரில் வந்து, ஒரு கிழட்டு நாயையும் அதன் கம்பளியையும் வேளைக்கு ஒன்றாக அளந்து கட்டிய தீனிப் பொட்டலங்களையும் ஒப்படைப்பார்; ஞாயிறு மாலை திரும்ப வாங்கிக்கொண்டு போவார். இருவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசுவதில்லை; நாயிடம் மட்டும் இருவரும் பேசுவார்கள். விவாகரத்தில் வளர்ப்புப் பிராணி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அதன் நலனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று 2021-இல் இந்த மாநிலச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஞாயிறு இரவு நாய் போன பிறகு அவர் மேலே நடந்துகொண்டே இருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்கும்; எனக்கும் அப்போது தூக்கம் வருவதில்லை. பனி பெய்வது காதில் விழுவதே இல்லை, அண்ணா. நம் மேலவிளைத் தோட்டத்தில் மழை வந்தால் ரப்பர் மரத்துச் சிரட்டைகளில் விழும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் வலுக்கிறது என்று சொல்லிவிடுவோமே, அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று கணக்குப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு போய்விடும் பெற்றோரைப் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். அறை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது, கையெழுத்துப் போட மறுத்தவள் நான்தான் என்பது போல. உங்கள் கடிதமும் கையெழுத்தைப் பற்றியதுதான்.

கல்யாணத்தோடு பெண்களின் கணக்குத் தீர்ந்தது, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு, அக்காளிடமும் நீயே சொல்லி வாங்கித் தா என்று எழுதியிருக்கிறீர்கள். திருவிதாங்கூர் காலத்து 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொன்னது: மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது மகளுக்குச் சீதனம். கொல்லவிளை அத்தையை அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பா உயில் எழுதாமல் போனதால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி நம் மூவருக்கும் சமம்.

எதிர்த் தரப்பில் வக்கீல் இல்லாதவர் இருந்தால், அவருக்கு நாம் சொல்லக்கூடிய ஒரே யோசனை, தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள் என்பதுதான். தொழில்நெறி வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கும் பங்குள்ள சொத்தில் அக்காளுக்கு நான் வேறெதுவும் சொல்ல முடியாது; அதை மட்டும் சொல்லியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம். என் பங்கு எனக்கு வேண்டாம் என்று பெருமையாக ஒரு கடிதம் எழுதி, அதை நானே கிழித்தும் விட்டேன். எதுவானாலும் பவர் பத்திரத்துக்குத் இந்தியத் துணைத் தூதரகச் சான்று வாங்க நியூயார்க் நகரம் வரை போகலாம் என்றிருக்கிறேன்; பனி குறையட்டும். அது ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும் என்பதால், அக்காள் முடிவு தெரிந்த பிறகு அனுப்புவதே சரி.

அதுவரை மேலவிளைக்கு வில்லங்கச் சான்று போட்டு வையுங்கள். அம்மாவின் பங்கு எவ்வளவு என்று அம்மாவுக்கே உட்கார்ந்து சொல்லுங்கள், மைனியும் கூட இருக்கட்டும். ஒட்டுப்பால் விற்ற பணத்தில் பால்வெட்டுக்காரருக்குப் பாக்கியைக் கொடுத்துவிட்டு, மீதியை அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை