மேல்மாடிக் கீரை யாருக்கு?

அன்புள்ள சரசு,

இங்கே எல்லாரும் நலம். மாலதிக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகிவிட்டது, பத்திரிகை தனியாக வரும். லீவு இல்லை என்ற பழைய பாட்டை இந்த முறை பாடாதே.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டின் கார் நிறுத்தும் மாடியில், மேல்தளத்தில் கீரைப் பண்ணை வரப்போகிறது. மண்ணே இல்லாமல் குழாயில் தண்ணீரும் சத்தும் ஓடவிட்டு வளர்க்கிற முறை. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து திரையில் படம் காட்டினார்கள். எல்லாம் உங்கள் சிங்கப்பூர்ப் படங்கள். மறுவாரம் கீழே அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்: பம்பு அறை கட்டவேண்டுமாம், கால்வாய் ஓரச் செடிகளையெல்லாம் எடுத்துவிட வேண்டுமாம். பொன்னம்மாக்காவின் முருங்கை, வல்லாரை, கறிவேப்பிலை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மாதக் கடைசியில் பாதிப் பிளாட்டுக்குக் குழம்பு அந்த ஓரத்திலிருந்துதான்.

மேலே விளையப் போகும் கீரை யாருக்கு என்று எழுந்து நின்று கேட்டேன். ஹோட்டல்களுக்கும் பேரங்காடிகளுக்கும் என்றார்கள். எங்களுக்கு? “சுற்றுச்சூழல் நன்றாக இருக்கும்” என்றார் அந்தக் கம்பெனிப் பையன். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும்.

உங்கள் ஊர்க் கதையை நான் குறைசொல்ல வரவில்லை. நிலத்தில் ஒரு சதவீதம்கூட விவசாயத்துக்கு இல்லாமல், உணவில் பத்தில் ஒன்பது பங்கை வெளியிலிருந்து வாங்கும் நாடு வேறு என்ன செய்யும்? 2022 ஜூனில் மலேசியாவில் நாங்கள் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது நீ போனில் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. 2012-இல் லிம் சூ காங்கில் அடுக்கடுக்காகச் சுழலும் தோட்டம் வந்தது. 2019-இல் உங்கள் அரசாங்கத்தார், 2030-க்குள் சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்றார்கள். மானியமும் கொடுத்தார்கள், கார் நிறுத்தும் மாடிகளையும் வாடகைக்கு விட்டார்கள். ஆனால் மின்சாரச் செலவு ஏறிவிட்டது. எங்கள் கேமரன் மலையிலிருந்து லாரியில் வரும் கீரை அதைவிட மலிவு. சில பண்ணைகள் மூடின. 2025 நவம்பரில் அந்த இலக்கையே மாற்றி, 2035-க்குப் புதிய இலக்குகள் வைத்தார்கள்.

அந்த மலிவான கீரையைப் போடுகிறவர்களைப் பற்றி யாராவது பேசுகிறார்களா, சரசு? கேமரனில் எத்தனையோ பேர் தற்காலிக உரிமம் வைத்துக்கொண்டு பயிர் செய்கிறார்கள். நிலம் அவர்கள் பேரில் இல்லை. உரிமம் புதுப்பிக்காவிட்டால் அவ்வளவுதான்.

நம் கதையும் அதுதானே? ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நம் அம்மாக்கள் போட்ட வெண்டை, பயற்றங்காய், பூசணி எதற்கும் பட்டா கிடையாது. (தோட்டக் கணக்குப்பிள்ளை கிராணி வீட்டு வேலிப் பூசணிக் கதையை மாலதியிடம் சொல்லிவிடாதே.) தோட்டத்தை விற்றார்கள், வீடு என்று பிளாட்டைக் கொடுத்தார்கள், மண் போய்விட்டது. பொன்னம்மாக்கா பால்மரம் சீவிய கையால் கால்வாய் ஓரத்தைக் கொத்தித்தான் திரும்பக் கொஞ்சம் மண்ணைப் பிடித்தார். இப்போது புதுமை என்ற பெயரில் அதையும் கேட்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. புதுத் தொழில்நுட்பம் வரட்டும், நான் தடுக்கவில்லை. இடம் எங்களுடையது என்றால் விளைச்சலில் எங்களுக்கும் பங்கு வேண்டும். எங்கள் பையன்களுக்கு வேலை வேண்டும், கால்வாய் ஓரத்தில் கைவைக்கக் கூடாது.

நீ பூங்காவில் வாடகைக்கு எடுத்திருக்கிறாயே, இரண்டரை மீட்டர் பாத்தி, அதுதான் என் கண்ணில் நிற்கிறது. ஆண்டுக்கு சுமார் 60 வெள்ளி, மூன்று வருஷத்துக்கு உன் பெயரில் எழுத்தில் இருக்கிறது. விளைகிற கத்தரிக்காய் உன் சட்டிக்குப் போகிறது. (படம் அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்பியது போதும்.) இந்த ஏற்பாட்டைத்தான் இங்கே கேட்கப்போகிறேன்.

அதனால் ஓர் உதவி செய். உன் வாடகைப் பத்திரத்தின் நகல் ஒன்று அனுப்பு. அப்புறம் அங் மோ கியோ பக்கம் போனால் கார் மாடிப் பண்ணை இன்னும் இருந்தால் அதில் யார் வேலை செய்கிறார்கள், அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுது. அடுத்த மாதம் குடியிருப்போர் கூட்டம். அதற்குள் உன் பதில் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
கமலா