500 என்ற எல்லை 78 வயதுக்குப் பொருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

78 வயதான என் ஆத்தா, வளவிலிருந்து முகப்புக்கு வருவதற்குள் மூச்சு வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டார். உடலில் ரத்தக்கட்டி இருக்கலாமா என்று பார்க்க, காரைக்குடியில் எடுத்த டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையில் 690. பக்கத்திலேயே ‘500-க்குள்’ என்று தடித்த எழுத்து. நுரையீரலில் ரத்தக்கட்டி என்று பதறி, அன்றிரவே மதுரைக்குக் கார் பிடித்தோம்.

அங்கே மருத்துவர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்து, நாடியை எண்ணிய பிறகே அறிக்கையைக் கையில் வாங்கினார். வயது ஏற ஏற இந்த அளவும் ஏறும். 50 கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்க வேண்டும், ஆத்தாவுக்கு எல்லை 780 என்றார். ஆனால் அறிகுறிகள் வலுவாக இருந்தால், ரத்தப் பரிசோதனையை நம்பிக் காத்திராமல் நேராக சி.டி. ஸ்கேன்தானாம். அலகு வேறானால் இந்தக் கணக்கும் மாறும்.

முதியோர் அறிக்கைகளில் வயதுக்கேற்ற எல்லையையும் அலகையும் ஆய்வகங்கள் தெளிவாக அச்சிட வேண்டுகிறேன்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, கானாடுகாத்தான்